என்.எம்.என்.னா, என்.ஆர்.ரா? கையில் இரண்டு புட்டி இருக்கிறது

#1 மாலைநடை

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 63 வயது. இந்தப் பிறந்தநாளுக்கு மகள் ஒரு புட்டி கொடுத்தாள், மகன் ஒரு புட்டி கொடுத்தான். ஒருவர் வாங்கியது மற்றவருக்குத் தெரியாது. மகள் கொடுத்ததில் "நிக்கோடினமைடு மோனோநியூக்ளியோடைடு 250 மி.கி." என்று இருக்கிறது. சுருக்கமாக என்.எம்.என். மகன் கொடுத்தது "நிக்கோடினமைடு ரைபோசைடு குளோரைடு 300 மி.கி.", அதாவது என்.ஆர். இரண்டு புட்டியிலும் "ஆரோக்கியமான முதுமைக்கு" என்று ஒரே வரி. தான் கொடுத்ததுதான் உசத்தி என்று இரண்டு பேரும் சாதிக்கிறார்கள்.

நான் புரிந்துகொண்ட வரை, உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் என்.ஏ.டி. என்று ஒரு பொருள் இருக்கிறது. சாப்பிட்டதைச் சக்தியாக மாற்ற அது வேண்டும். வயது ஏற ஏற அது குறைகிறது. இந்த இரண்டுமே அதைக் கூட்டும் என்கிறார்கள். இவ்வளவும் சரியென்றால், எதைத் திறப்பது?

ரத்த அழுத்தத்துக்குத் தினம் ஒரு மாத்திரை எடுக்கிறேன். சர்க்கரை இல்லை. மாலையில் ஒரு மணி நேரம் நடப்பேன். முழங்கால் அவ்வப்போது முனகும், பெரிதாக ஒன்றுமில்லை.

#2 சுருள்படி

ஐயா, மகள் சொல்றதைக் கேளுங்க. என்.எம்.என்.தான்.

காரணம் சுலபம். உடம்பு என்.ஏ.டி. செய்யற வரிசையில என்.ஆர். முதல்ல, அடுத்து என்.எம்.என்., அதுக்கு அடுத்தது என்.ஏ.டி. நீங்க என்.எம்.என். எடுத்தா ஒரு படி மிச்சம். 2016-ல வாஷிங்டன் பல்கலைக்கழகத்துல இமாய்ங்கற விஞ்ஞானியோட குழு எலிகளுக்கு ஒரு வருஷம் முழுக்கத் தண்ணியில கலந்து கொடுத்துப் பார்த்தாங்க. வயசாக ஆக எலிக்கு எடை ஏர்றது குறைஞ்சுது, உடம்புச் சுறுசுறுப்பு கூடுச்சு, இன்சுலின் வேலை மேம்பட்டுச்சு. 2021-ல மனுஷங்ககிட்டயும் பார்த்துட்டாங்க. சர்க்கரை வர்ற விளிம்புல இருந்த, மாதவிடாய் நின்ன பெண்களுக்குத் தினம் 250 மி.கி., 10 வாரம். தசையில இன்சுலின் வேலை செய்யற அளவு சுமார் 25 சதவீதம் கூடுச்சு. 'சயன்ஸ்' இதழ்ல வந்தது. உங்க மகள் கொடுத்ததும் அதே 250.

நான் 14 மாசமா எடுக்கறேன். எனக்கு 52. ஆபீஸ் நாலாவது மாடி, லிஃப்டை மறந்தே போச்சு.

#3 மில்லிமோல்

"ஒரு படி மிச்சம்" என்பது புட்டி விற்கிறவர்கள் கிளப்பிய கதை.

என்.எம்.என். என்பது என்.ஆர். கூட ஒரு பாஸ்பேட் ஒட்டியது. அவ்வளவுதான் வித்தியாசம். அந்தப் பாஸ்பேட்டுக்கு மின்சுமை உண்டு. மின்சுமை உள்ள பொருள் செல்லின் சவ்வைத் தாண்டி சும்மா உள்ளே போய்விடாது. அதனால் செல்லுக்கு வெளியிலேயே சிடி73 என்ற என்சைம் அந்தப் பாஸ்பேட்டைக் கழற்றி என்.ஆர். ஆக்குகிறது. என்.ஆர். உள்ளே போனதும் வேறொரு என்சைம் பாஸ்பேட்டைத் திரும்ப மாட்டுகிறது. நீங்கள் சட்டை போட்டுக்கொண்டு வருகிறீர்கள், வாசலில் கழற்றச் சொல்கிறார்கள், உள்ளே போய்த் திரும்பப் போட்டுக்கொள்கிறீர்கள். இதில் எங்கே மிச்சம்?

உள்ளே மாட்டிவிடுகிற அந்த என்சைமின் வழியைக் கண்டுபிடித்து, என்.ஆர். ஒரு வைட்டமின் என்று 2004-ல் காட்டியவர் சார்லஸ் பிரென்னர். மனிதர்களுக்கு வாய்வழி கொடுத்தால் ரத்தத்தில் என்.ஏ.டி. கூடுகிறது என்று 2016-ல் காட்டியதும் என்.ஆர்.ரைத்தான்.

#4 சுருள்படி

சிடி73 பழைய கதை. என்.எம்.என்.ஐ அப்படியே உள்ளே விடறதுக்குன்னே ஒரு கதவு இருக்குன்னு 2019-ல இமாய் குழு சொல்லிட்டாங்க. எஸ்.எல்.சி.12.ஏ8-னு பேரு. எலியோட சிறுகுடல்ல நிறைய இருக்கு.

அப்புறம் அந்த 2016 ஆய்வைப் பத்தி முழுசா சொல்லுங்களேன். முதல்ல எத்தனை பேருக்குக் கொடுத்தாங்க?

#5 மில்லிமோல்

முதலில் ஒருவருக்கு. 52 வயது ஆண். அவர் ரத்தத்தில் 2.7 மடங்கு ஏறியது. பிறகு 12 பேரிடம் 100, 300, 1000 மி.கி. என்று ஒற்றை டோஸ் கொடுத்துப் பார்த்தார்கள். ஒருத்தரோடு நிற்கவில்லை.

உங்கள் "கதவு" விஷயத்துக்கு அதே இதழிலேயே மறுப்பு வந்தது. அந்தப் புரதம் என்.எம்.என்.ஐக் கடத்துகிறது என்பதற்கு ஆதாரம் போதாது என்று எழுதினார்கள். இமாய் குழு பதிலும் எழுதியது. வழக்கு இன்னும் முடியவில்லை. முடியாத வழக்கை வைத்துப் புட்டி விற்கக் கூடாது.

#6 இரவுப்பணி

மறுப்பு எழுதிய குழு யாருடையது என்பதையும் சொல்லிவிடுங்கள் மில்லிமோல். பிரென்னருடையது. என்.ஆர். விற்கும் நிறுவனத்துக்கு அவர் தலைமை அறிவியல் ஆலோசகராக இருந்தவர். அந்தப் பக்கம் என்.எம்.என்.னுக்காக ஊர் உலகமெல்லாம் பேசும் விஞ்ஞானி டேவிட் சின்க்ளேர், அதே மூலக்கூறை மருந்தாக ஆக்கப் பார்க்கும் நிறுவனத்தோடு தொடர்புள்ளவர். இதனால் அவர்கள் சொல்வது பொய் என்று ஆகாது. ஆனால் மாமியார் மருமகள் சண்டையில் இரண்டு வீட்டுச் சாட்சியையும் மட்டும் கேட்டால் எப்படி?

நான் 30 வருஷம் செவிலியர் வேலை பார்த்தவள். மாலைநடை ஐயா, "எதைத் திறப்பது" என்ற கேள்விக்கு "இரண்டையும் திறக்காமல் இருக்கலாமே" என்ற பதிலும் உண்டு. அதை இங்கே யாரும் சொல்லவில்லை என்பதால் சொல்கிறேன்.

#7 சும்மாவந்தவன்

இரண்டையும் சேர்த்து முழுங்கினா ரெட்டை இளமையா?

#8 மில்லிமோல்

இல்லை சார். அதே தொட்டியில் இரண்டு குழாய்.

இரவுப்பணி மேடம் சொன்னது நியாயம். எனக்கு எந்த நிறுவனத்தோடும் தொடர்பில்லை. வேலை, ஆய்வுக்கூடத்தில் மருந்துகளின் தூய்மையை அளப்பது. அதனால் எதைப் பார்த்தாலும் எடையைப் பார்க்க மாட்டேன், மூலக்கூறு எண்ணிக்கையைத்தான் பார்ப்பேன். ஐயாவின் இரண்டு புட்டியையும் அப்படி ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

மூலக்கூறு எண்ணிக்கைக்கு அலகு மில்லிமோல். என்.எம்.என். மூலக்கூறு எடை 334. 250 மி.கி. என்றால் 0.75 மில்லிமோல். என்.ஆர். குளோரைடு 290.7. 300 மி.கி. என்றால் 1.03 மில்லிமோல். இரண்டிலும் ஒரு மூலக்கூறிலிருந்து அதிகபட்சம் ஒரு என்.ஏ.டி.தான் வரும். ஆக மகன் புட்டியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே கூடுதலாக இருக்கிறது. மகள் புட்டி அதைத் தொட வேண்டுமானால் 345 மி.கி. வேண்டும்.

இன்னொரு விதமாகச் சொல்கிறேன். இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பது பழைய நிக்கோடினமைடுதான், அதாவது பி3. மற்றதெல்லாம் சர்க்கரை, பாஸ்பேட், உப்பு. மகள் கேப்சூலில் அந்த நடுப்பகுதி 91 மி.கி., மகன் கேப்சூலில் 126 மி.கி. "250-க்கு 300, கிட்டத்தட்ட சமம்" என்று நினைத்திருந்தால் சமமில்லை.

#9 மாலைநடை

அடேயப்பா. இந்தக் கணக்கை மகளிடம் சொன்னால் பேசமாட்டாள். ஆனால் ஒன்று கேட்கிறேன். நடுவில் இருப்பது பழைய பி3 தானென்றால், அதையே நேராக எடுத்துக்கொண்டால் என்ன?

#10 இரவுப்பணி

இதைத்தான் நானும் கேட்க வந்தேன். பி3 குறைவால் வரும் பெலாக்ரா நோய்க்கு மருந்தாகத்தான் இந்த வைட்டமினே உலகத்துக்குத் தெரிய வந்தது. தோல் வெடிக்கும், வயிறு போகும், புத்தி கலங்கும், பிறகு சாவு. 1937-ல் எல்வெஜெம் என்ற விஞ்ஞானி, பி3-யின் இன்னொரு வடிவமான நிக்கோடினிக் அமிலம் கொடுத்து, நாய்களுக்கு வரும் அதே மாதிரி நோயைக் குணப்படுத்திக் காட்டினார். ஏறக்குறைய 90 வருஷப் பழக்கம் உள்ள பொருள். எது நல்லது எது கெட்டது என்று அதைப் பற்றித் தெரிந்த அளவுக்கு இந்த இரண்டைப் பற்றியும் நமக்குத் தெரியாது.

அதோடு 2018-ல் எலிகளில் தடம் பிடித்துப் பார்த்தார்கள். அணுக்களில் அடையாளம் வைத்த என்.ஆர்., என்.எம்.என். இரண்டையும் வாய்வழியாகக் கொடுத்து எங்கே போகிறது என்று பின்தொடர்ந்தார்கள். ரத்தநாளத்தில் நேராக ஏற்றினால் ஓரளவு முழுசாகவே போய்ச் சேர்கிறது. வாயால் கொடுத்தால் பெரும்பகுதி கல்லீரலிலேயே உடைந்து நிக்கோடினமைடாகத்தான் மற்ற உறுப்புகளுக்குப் போகிறது. சட்டையைக் கழற்றுவதும் மாட்டுவதும் இருக்கட்டும் மில்லிமோல், ஆளே வழியில் வேறு ஆளாகிவிடுகிறார்.

#11 மில்லிமோல்

எலி ஆய்வு சரி. ஆனால் பழைய பி3-யும் இதுவும் ஒன்று என்று அதிலிருந்து முடிவுகட்ட முடியாது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மனிதர்களில் பார்த்திருக்கிறார்கள். ஆரோக்கியமான 65 பேர், 14 நாள், ஒரு குழுவுக்கு என்.ஆர்., ஒன்றுக்கு என்.எம்.என்., ஒன்றுக்கு நிக்கோடினமைடு, ஒன்றுக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. ரத்தத்தில் என்.ஏ.டி.யை என்.ஆரும் என்.எம்.என்.னும் கூட்டின. நிக்கோடினமைடு கூட்டவில்லை. குடலில் இருக்கும் பாக்டீரியா இந்த இரண்டையும் நிக்கோடினிக் அமிலமாக மாற்றி அனுப்புவதில் விஷயம் இருக்கிறது என்கிறார்கள்.

#12 இரவுப்பணி

சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். பழைய பி3 வாதத்தை வாபஸ் வாங்குகிறேன்.

ஆனால் நீங்களே இப்போது ஒன்றைச் சொல்லிவிட்டீர்கள், கவனித்தீர்களா? அதே ஆய்வில் என்.ஆரும் என்.எம்.என்.னும் ஒன்றை ஒன்று முந்தவில்லை. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் கூட்டின. பாக்டீரியா வழியாக என்றால் சிடி73-யும் வேண்டாம், எஸ்.எல்.சி. கதவும் வேண்டாம். #2-லிருந்து #5 வரை நீங்கள் இருவரும் போட்ட சண்டை எதற்கு?

#13 சுருள்படி

மேடம், ரத்தத்துல ஏர்றது ஒரு விஷயம், உடம்புல பலன் தெரியறது இன்னொரு விஷயம். பலன்னு பார்த்தா மனுஷங்க ஆய்வுல என்.எம்.என்.தான் ஜெயிச்சிருக்கு. என்.ஆர். 2018-ல தோத்துச்சே, அதை மில்லிமோல் அண்ணன் சொல்லவே மாட்டேங்கறார். உடல் பருமன் உள்ள 40 ஆண்களுக்குத் தினம் 2000 மி.கி., 12 வாரம். இன்சுலின் விஷயத்துல ஒரு மாற்றமும் இல்லை. ரெண்டாயிரம்!

#14 மில்லிமோல்

தோற்றது உண்மை. மறைக்க என்ன இருக்கிறது.

உங்கள் வெற்றியையும் பார்ப்போமா? 2021 ஆய்வில் மொத்தம் 25 பெண்கள். என்.எம்.என். எடுத்தவர்கள் 13 பேர், வெற்று மாத்திரை 12 பேர். தொடங்கும்போதே இரண்டு குழுவும் ஒரே மாதிரி இல்லை, கல்லீரல் கொழுப்பு ஒரு பக்கம் மிகவும் அதிகம். தசையின் இன்சுலின் உணர்வு கூடியது, சரி. ரத்தச் சர்க்கரை? மாறவில்லை. ரத்த அழுத்தம்? மாறவில்லை. எடை, கல்லீரல் கொழுப்பு? எதுவும் மாறவில்லை. சுருள்படி தம்பி, அந்த 25 சதவீதம் அளக்கப்பட்டது சோதனைக்கூடத்தில், நரம்பில் இன்சுலினும் குளுக்கோஸும் சேர்த்து ஏற்றி. நாலாவது மாடிப் படியில் இல்லை.

ஒரு வருஷ எலி ஆய்வும் அப்படித்தான். எலிக்குக் கொடுத்த பெரிய டோஸ் கிலோவுக்கு 300 மி.கி. எலிக் கணக்கை மனிதக் கணக்காக்க வழக்கமாக 12.3-ஆல் வகுப்பார்கள். 60 கிலோ ஆளுக்கு ஒன்றரை கிராம் வருகிறது. ஆறு கேப்சூல். நீங்கள் ஒன்று எடுக்கிறீர்கள்.

#15 சுருள்படி

அப்ப உங்க என்.ஆர்.ருக்கு என்ன பலன் இருக்கு, அதைச் சொல்லுங்க. எண்ணிக்கை சொல்லாதீங்க, பலன் சொல்லுங்க.

#16 மில்லிமோல்

இரண்டு சொல்கிறேன். 55-லிருந்து 79 வயது வரை 24 பேர், தினம் 1000 மி.கி., ஆறு வாரம். 2018-ல் வந்தது. ரத்த அணுக்களில் என்.ஏ.டி. சுமார் 60 சதவீதம் கூடியது. ரத்த அழுத்தம் சற்றே அதிகமாக இருந்த 13 பேருக்கு மேல் எண் ஏறக்குறைய 9 புள்ளி இறங்கியது. மாலைநடை ஐயா, இது உங்களுக்குப் பொருந்தும்.

இரண்டாவது, கால் ரத்தநாளம் அடைபட்டு நடக்கச் சிரமப்படும் முதியவர்கள், 90 பேர், ஆறு மாதம். 2024-ல் வந்தது. ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று அளந்தார்கள். என்.ஆர். குழு வெற்று மாத்திரைக் குழுவைவிட 17.6 மீட்டர் கூடுதலாக நடந்தது.

#17 இரவுப்பணி

மாலைநடை ஐயா, தயவுசெய்து அந்த "உங்களுக்குப் பொருந்தும்" என்பதை விட்டுவிடுங்கள். மில்லிமோல், நீங்கள் எண்ணில் சுத்தமானவர், இதில் வழுக்கிவிட்டீர்கள். அந்த 13 பேர் கணக்கு, ஆய்வு முடிந்த பிறகு பிரித்துப் பார்த்த கணக்கு. இனி சோதித்துப் பார்க்க வேண்டும் என்று எழுதியவர்களே சொன்னார்கள். அழுத்த மாத்திரை ஏற்கெனவே எடுக்கிற 63 வயதுக்காரருக்கு, 13 பேரை வைத்து "உங்களுக்கு" என்று சொல்லலாமா? நாளைக்கு அவர் மாத்திரையைப் பாதியாக உடைத்துக்கொண்டால்? வார்டில் அப்படி வந்து படுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஏதோ ஒன்றைக் "கூடவே" எடுக்க ஆரம்பித்து, அழுத்தம் நன்றாக இருக்கிறது என்று தானாகவே மாத்திரையை நிறுத்தி, ஒரு நாள் வாய் கோணி வந்து சேருவார்கள்.

#18 மில்லிமோல்

மன்னிக்கவும். சொன்னது தப்பு. ஐயா, அழுத்த மாத்திரையைத் தொடாதீர்கள்.

#19 மாலைநடை

தொடவில்லை அம்மா, தொடமாட்டேன். மருத்துவரிடம் இரண்டு புட்டியையும் கொண்டுபோய்க் காட்டினேன். "இதனால் பெரிய கெடுதல் வரும் என்று தோன்றவில்லை, வரும் பலனும் எனக்குத் தெரியாது, அழுத்தத்தை மட்டும் வாரம் ஒருமுறை எழுதி வையுங்கள்" என்றார். பிறகு ஒரு புட்டியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது வைட்டமினா மருந்தா?" என்று என்னையே கேட்டார்.

#20 மில்லிமோல்

நல்ல கேள்வி. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்துக்கே அதில் குழப்பம். ஒரு நிறுவனம் மருந்தாகச் சோதிக்க ஆரம்பித்துவிட்டது என்பதைக் காரணம் காட்டி, என்.எம்.என்.ஐ இனி சப்ளிமெண்டாக விற்க முடியாது என்று 2022 நவம்பரில் சொன்னார்கள். 2025 செப்டம்பரில் அதை மாற்றி, விற்கலாம் என்றார்கள். மூலக்கூறு அப்படியே இருந்தது, காகிதம்தான் மாறியது.

#21 இரவுப்பணி

பெரிய கெடுதல் தோன்றவில்லை என்றது சரிதான். மாதக்கணக்கில் நடந்த ஆய்வுகளில் ஆபத்தாக எதுவும் வரவில்லை. ஆனால் "மாதக்கணக்கில்" என்பதைக் கவனியுங்கள். முதுமைக்கு என்றால் 20 வருஷம் எடுக்கிற பொருள்.

எனக்கு இரண்டு உறுத்தல். ஒன்று, மிஞ்சுகிற பி3 உடம்பிலிருந்து வெளியேறும் முன் 4பிஒய் என்று ஒரு கழிவாக மாறும். அது ரத்தத்தில் அதிகம் உள்ளவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் அதிகம் என்று 2024-ல் 'நேச்சர் மெடிசின்' இதழில் கிளீவ்லேண்ட் கிளினிக் குழு எழுதியது. சப்ளிமெண்ட் எடுப்பவர்களுக்கு அப்படி நடந்தது என்று காட்டவில்லை, தொடர்பை மட்டும்தான் காட்டினார்கள். ஆனாலும் உறுத்துகிறது.

இன்னொன்று புற்றுநோய். புற்றுச் செல்லுக்கும் என்.ஏ.டி. வேண்டும், அதுவும் நிறைய. என்.ஏ.டி. தயாரிப்பை முடக்கிப் புற்றைப் பட்டினி போடும் மருந்துகளையே மனிதர்களில் சோதித்திருக்கிறார்கள். ஒரு பக்கம் புற்றுக்கு அதைக் குறைக்கப் பார்க்கிறோம், இன்னொரு பக்கம் முதுமைக்கு அதைக் கூட்டப் பார்க்கிறோம். முதுமையும் புற்றும் ஒரே வயதில்தானே வருகின்றன? முன்பு புற்று வந்து குணமானவர்கள் இரண்டு புட்டி பக்கமும் போகவே கூடாது என்பது என் கட்சி.

#22 சுருள்படி

இப்படிப் பயமுறுத்தினா எதையுமே எடுக்க முடியாது மேடம். வயசானா என்.ஏ.டி. குறையுது. குறைஞ்சதை நிரப்பறதுல என்ன தப்பு? குடத்துல தண்ணி குறைஞ்சா ஊத்தறோம்.

#23 மில்லிமோல்

குடம் ஏன் குறைகிறது என்று பார்த்தீர்களா? வயதானால் சிடி38 என்ற என்சைம் பெருகி என்.ஏ.டி.யைத் தின்னுகிறது என்று 2016-ல் எலிகளில் காட்டினார்கள். சிடி38 இல்லாத எலிக்கு வயதானாலும் அவ்வளவாகக் குறையவில்லை. அது என்.எம்.என்.ஐயும் தின்னும் என்பது கூடுதல் தகவல். ஓட்டைக் குடம். ஓட்டையை அடைக்காமல் ஊற்றிக்கொண்டே இருப்பதைத்தான் நாம் இருவரும் உசத்தி தாழ்த்தி பேசிக்கொண்டிருக்கிறோம். என்.ஆர். கட்சிக்காரன் நானே சொல்கிறேன்.

ஆயுள் கதையும் அப்படித்தான். 24 மாத வயதான எலிகளுக்கு என்.ஆர். கொடுத்ததில் ஆயுள் சுமார் 5 சதவீதம் கூடியது என்று 2016-ல் வந்ததும் நான் குதித்தேன். பிறகு அமெரிக்காவில் மூன்று இடங்களில் ஒரே நேரத்தில் எலிகளை வைத்து ஆயுள் பார்க்கும் திட்டம் ஒன்று இருக்கிறதே, ராபமைசின் என்ற மருந்து எலி ஆயுளைக் கூட்டுகிறது என்று 2009-ல் காட்டியதும் அவர்கள்தான், அவர்கள் என்.ஆர்.ரைச் சோதித்தார்கள். 2021-ல் வந்தது. ஆணிலும் இல்லை, பெண்ணிலும் இல்லை.

#24 சும்மாவந்தவன்

கட்சி மாறிட்டீங்களா சார்?

#25 மில்லிமோல்

மாறவில்லை. இரண்டில் ஒன்றைத் திறந்தே ஆகவேண்டும் என்றால் இன்னமும் என்.ஆர். என்றுதான் சொல்வேன். காரணம் வேறு: புட்டிக்குள் இருக்கிறதா என்பது. 2021-ல் இணையத்தில் விற்ற 22 என்.எம்.என். புட்டிகளைச் சோதித்ததில் 14-ல் ஒரு சதவீதம்கூட என்.எம்.என். இல்லை.

#26 சுருள்படி

சோதிச்சது யாரு? என்.ஆர். விக்கற கம்பெனி! மேடம் சொன்ன மாமியார் மருமகள்!

#27 மில்லிமோல்

அது உண்மை. ஆனால் ஆய்வுக்கூட இயந்திரத்துக்கு மாமியார் தெரியாது. மூன்றாவது ஆள் சோதித்துக் கொடுத்த சான்றிதழ், அதுவும் உங்கள் புட்டியின் தொகுதி எண்ணோடு, இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் எந்த மூலக்கூறு என்று சண்டை போடுவதிலேயே அர்த்தமில்லை. என்.ஆர்.ருக்கும் ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஈரம் பட்டால் உடைந்து நிக்கோடினமைடும் ரைபோஸும் ஆகிவிடும். புட்டிக்குள் இருக்கும் அந்தச் சின்ன உறிஞ்சு பையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

#28 மாலைநடை

இரண்டு புட்டியிலும் தொகுதி எண் இருக்கிறது. சான்றிதழ் ஒன்றுக்கு மட்டும் கிடைத்தது. எதற்கு என்று சொல்லமாட்டேன், வீட்டில் பிரச்சினை வரும்.

இரண்டையும் இன்னும் திறக்கவில்லை. ஆனால் அந்த ஆறு நிமிட நடை என் மனதில் ஒட்டிக்கொண்டது. பூங்காவில் ஒரு சுற்று எத்தனை மீட்டர் என்று பலகையில் எழுதியிருக்கிறார்கள். கைக்கடிகாரத்தை வைத்து நானே அளந்தேன். திங்கள்கிழமை 428 மீட்டர். வியாழன் 447. ஞாயிறு 461. எந்த மாத்திரையும் எடுக்காமல் ஒரே வாரத்தில் 33 மீட்டர் கூடியிருக்கிறது. திங்கள்கிழமை இரவு மகள் புட்டியைத் திறந்திருந்தால் என்ன நினைத்திருப்பேன்?

#29 இரவுப்பணி

ஐயா! இது எங்களுக்கெல்லாம் பழக்கமான விஷயம். அந்த நடைச் சோதனையை முதல் முறை செய்பவர் இரண்டாவது முறை கூடுதலாகத்தான் நடப்பார். எங்கே வேகம் பிடிக்க வேண்டும், எங்கே மூச்சைச் சேமிக்க வேண்டும் என்று கால் கற்றுக்கொண்டுவிடும். வெற்று மாத்திரைக் குழு என்று ஒன்று எதற்கு வைக்கிறார்கள் என்றால் இதற்காகத்தான்.

சுருள்படி தம்பி, உங்கள் நாலாவது மாடியும் இதுதானோ? 14 மாதம் தினம் ஏறினால் யாருக்கும் லிஃப்ட் மறந்துபோகும்.

#30 சுருள்படி

ரெண்டு நாளா யோசிச்சேன். கோவம் வந்துச்சு, போயிடுச்சு.

சரி, நானே சோதிச்சுப் பாக்கறேன். காலி கேப்சூல் கூடு வாங்கியிருக்கேன். மாத்திரையில நிரப்புப் பொருளாப் போடற செல்லுலோஸ் தூளும் வாங்கியாச்சு. வீட்டுக்காரி ஒரு டப்பாவுல என்.எம்.என்., இன்னொண்ணுல செல்லுலோஸ் நிரப்பி, 'அ', 'ஆ'-ன்னு ஒட்டித் தருவா. எது எதுன்னு ஒரு சீட்டுல எழுதி அவகிட்டயே வெச்சுப்பா. நாலு வாரம் அ, நாலு வாரம் ஆ. தினம் காலையில நாலு மாடி ஏற எத்தனை வினாடின்னு குறிச்சு வைக்கறேன். மில்லிமோல் அண்ணே, திட்டம் சரியா?

#31 மில்லிமோல்

இரண்டு கேப்சூலும் ஒரே எடை இருக்கட்டும். உடைத்து நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது. நடுவில் இரண்டு வாரம் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் முதல் நாலு வாரத்தின் மிச்சம் அடுத்ததில் கலக்கும். பழகப் பழக வேகம் கூடும் என்பதை மட்டும் இதில் சரிசெய்ய முடியாது. அதற்கு மூன்று நான்கு முறை மாற்றி மாற்றி எடுக்க வேண்டும். உங்கள் வீட்டில் அவ்வளவு பொறுமை இருக்குமா தெரியவில்லை.

#32 சுருள்படி

பத்து வாரம் முடிஞ்சுது.

அ: சராசரி 58 வினாடி. ஆ: 55. தூக்கமும் ஆ-வுல நல்லா இருந்த மாதிரி. மனசுக்குள்ள ஆ-தான் என்.எம்.என்.னு அடிச்சுச் சொல்லுவேன்.

#33 இரவுப்பணி

ஆ இரண்டாவதாக எடுத்தது. மூன்று வினாடி, பழக்கம். சரி, சீட்டு என்ன சொல்கிறது?

#34 சுருள்படி

சீட்டைக் காணோம்.

நடுவுல அலமாரியைச் சுத்தம் பண்ணினாளாம். குப்பைக் காகிதம்னு நினைச்சுப் போட்டுட்டாளாம். அவளுக்கும் ஞாபகம் இல்லை. "ஆ-தான் மாத்திரைன்னு நினைக்கறேன், இல்லை அ-வோ"ங்கறா. வாக்குவாதம் இன்னும் முடியலை.

#35 மில்லிமோல்

அட! டப்பாவுக்கு ஒரு கேப்சூல் அனுப்புங்கள். எது எதுவென்று பத்து நிமிடத்தில் பார்த்துச் சொல்கிறேன்.

#36 சுருள்படி

மிச்சம் இல்லைண்ணே. எண்ணி நிரப்பினா. ரெண்டு டப்பாவும் காலி.